ரோஜர் இருக்கும் அறை

கால்வாய்த் தெரு,
லங்காஷயர்.
அக்டோபர் 1883

அன்பு மகன் லாரன்ஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. அந்தச் சாய ஆலையில் உனக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள் என்று நான் வாசித்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. தேநீர் எடுக்க எழுந்தவர்போல அடுப்பங்கரைப் பக்கம் போனார். ஜெர்மன்காரர்கள் முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துத் தின்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வயிற்றைப் பார்த்துக்கொள்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். போன வாரம் காற்று ஆலைப் பக்கமிருந்தே வீசிக்கொண்டிருந்தது. கொடியில் போட்டிருந்த அப்பாவின் சட்டைகளை எடுத்தால், ஈரக் காகிதம்போலக் கையோடு கிழிந்து வருகின்றன. சன்னலில் வைத்திருந்த பூஞ்செடியும் கருகிவிட்டது. இனி செடி வைப்பதாக இல்லை. ஒவ்வொரு முறையும் அது சாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது பெரிய செய்தி. அப்பாவின் இயந்திரம் ஓடுகிறது!

இதற்காக அவர் பட்ட பாட்டை நீ பாதிதான் பார்த்திருப்பாய். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் குளோரின் தயாரிக்க அப்பா ஒரு புது வழி கண்டுபிடித்தாரே, அதில்தான் திரு. ரிம்மரின் ஆலை இவ்வளவு பெரிதாயிற்று. வாயு பெருகியது. பிளீச்சிங் பவுடர் பெருகியது. தரையில் பரப்பிய சுண்ணாம்பில் வாயு ஏறியதும் அதை அள்ளும் அறைகளும், அந்த அறைகளுக்குள் போகும் ஆட்களும் பெருகினார்கள். முதலாளி குன்றின்மேல் மாளிகை கட்டினார். அப்பாவின் பெயரை ஒரு ரசாயனச் சங்கத்துச் சஞ்சிகையில் போட்டார்கள். அந்த வசந்தத்தில்தான் அறைக்குள் விழுந்துவிட்ட ஓர் இளைஞனை அப்பா தோளில் சுமந்து வந்து கால்வாய்க் கரையில் கிடத்தினார். அவன் பிழைக்கவில்லை. அப்போது நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றாய். சஞ்சிகையை அப்பா அதன்பிறகு ஒருநாளும் பிரித்ததில்லை.

இப்போது இரும்பு உருளைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மேலே சுண்ணாம்பைக் கொட்டினால், உள்ளே சுழலும் திருகு அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. கீழேயிருந்து வாயு ஏறி வந்து அதோடு கலக்கிறது. கடைசியில் பவுடர் நேராகப் பீப்பாய்க்குள் விழுகிறது. வாயில் கம்பளித் துணியை மடித்து மடித்துக் கட்டி, முகத்தில் கொழுப்பைப் பூசி, மண்வெட்டியோடு அந்தப் பச்சைக் காற்றுக்குள் இனி எவரும் போக வேண்டியதில்லை. முதல் பீப்பாய் நிறைந்தபோது அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டாராம். தேவாலயத்தில் கழற்றுவதுபோல இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே கோர்னி டூகன் வீட்டுக்கு வந்தான். பவுடர் அள்ளுகிறவர்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி இருப்பானே, அந்த ஐரிஷ்காரன்தான். இருமி முடிக்கவே நேரமாயிற்று. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஐயா, ரோஜர உள்ளயே வெச்சுப் பூட்டிட்டீங்க. இத்தன வருசமா என் தொண்டைய அரிச்ச பய, இனிமே இரும்ப அரிக்கட்டும்." அந்த வாயுவுக்கு அவர்கள் வைத்த பெயரை நீ மறந்திருக்கமாட்டாய். யாராவது மயங்கி விழுந்தால் "ரோஜர் புடிச்சுட்டான்" என்பார்கள், ஏதோ குடிகாரப் பங்காளியைச் சொல்வதுபோல. ஆனால் கோர்னி புறப்படவில்லை. வாசலில் நின்று தொப்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "எங்க நெஞ்ச காப்பாத்திட்டீங்க ஐயா, சந்தோசம். வயித்துக்கு என்ன வழி?"

உயிரைப் பணயம் வைக்கிற வேலை என்பதால் ஆலையிலேயே அதிகக் கூலி அவர்களுக்குத்தான். அப்பா மறுநாளே முதலாளியிடம் போய்க் கேட்டார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. "என் ஆலையில வேலைக்கா பஞ்சம்? முடிஞ்ச வரைக்கும் ஒருத்தனையும் வெளிய அனுப்ப மாட்டேன், ஹெய்லி. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று ரிம்மர் கைகுலுக்கினாராம். அப்பா முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட பீப்பாயின்மேல் ஏறி நின்று எல்லாரிடமும் சொன்னார். அவருக்குக் கூட்டத்தில் பேச வராது, திக்கினாராம். "அப்ப ரோஜருக்குத்தான் வேல போச்சு!" என்று கோர்னி கத்த, முற்றமே சிரித்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது வந்துவிடு. வாத்து வாங்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவின் இயந்திரத்தை நீ பார்க்க வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். உனக்குத் தெரியாததா?

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா, ஹெஸ்டர்.


கால்வாய்த் தெரு,
மார்ச் 1884

என் பிரியமான லாரன்ஸ்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கு விடுமுறை கிடைக்காமல் போனதே நல்லது.

புத்தாண்டு பிறந்த கையோடு ரிம்மர் பவுடர் ஆட்கள் எல்லாரையும் வேலையைவிட்டு நீக்கிவிட்டார். ஒருவர்கூட மிஞ்சவில்லை. வாயிற்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்கும் மற்றவர்களோடு சேர்த்து அந்தத் தாளைப் படித்துத்தான் தெரியும். நேராக முதலாளியின் அறைக்குப் போயிருக்கிறார். "முடிஞ்ச வரைக்கும்னுதானே சொன்னேன்? முடியல. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? அவங்கள அந்த நரகத்துலேர்ந்து வெளிய கொண்டாரணும்னு நீங்கதானே ஒத்தக் கால்ல நின்னீங்க. வந்துட்டாங்களே" என்றாராம் ரிம்மர். சொல்லிவிட்டு ஒரு சுருட்டையும் நீட்டியிருக்கிறார். அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கையில் பிடித்தபடியே வீடுவரை நடந்து வந்திருக்கிறார். "ஏன் வாங்குனேன்னு தெரியல, ஹெஸ்டர்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் கோபித்துக்கொண்டதெல்லாம் ரிம்மரை அல்ல. அவர் குன்றின்மேல் இருக்கிறார். பீப்பாயின்மேல் ஏறி நின்று வாக்குக் கொடுத்தவர் இதே தெருவில் குடியிருக்கிறார். முன்னறைச் சன்னலை இருமுறை உடைத்துவிட்டார்கள். இப்போது பலகை அடித்திருக்கிறோம். சந்தையில் நான் போய் நின்றால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு நகர்ந்துபோகிறார்கள். ஜெபக்கூடத்தில் எங்கள் இருக்கையில் எங்களைத் தவிர யாரும் உட்காருவதில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பிள்ளைகளின் கன்னங்களைப் பார்க்கிறேனே.

கோர்னியின் மனைவி நோரா மட்டும் வீடு தேடி வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருப்பாள் என்று நினைத்து, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் நல்லவருன்னு இந்த மனுசன் இன்னும் சொல்லிட்டே இருக்காரும்மா. யாரு ஏசுனாலும் அவங்களோட சண்டைக்குப் போறாரு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். எனக்குன்னா அப்பிடித் தோணல." ரொட்டி இருந்தது, கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

கோர்னிக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே இன்னும் பழைய அறைகள்தான். அதே மண்வெட்டி, அதே கம்பளித் துணி. நம் ஆலையிலாவது வாயு அடங்கிவிட்டதா என்று அப்பா சோதித்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள். அங்கே அதைப் பார்க்க ஆள் இல்லை. போகாதே என்று சொல்ல அப்பா படகுத்துறைவரை போனார். "வேற வேல எனக்கு என்ன தெரியும், ஐயா? வீட்டுல சும்மா குந்தி இருமுறதுக்கு, அங்க போயி இருமுனா கூலியாவது தருவான்" என்று சிரித்துவிட்டுப் படகில் ஏறினானாம்.

பிப்ரவரிக் கடைசியில் அவனைப் படகில்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மேலே சாக்கு போர்த்தியிருந்தார்கள்.

அடக்கத்துக்குப் போகவேண்டாம் என்று அப்பாவிடம் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு வெளியே மழையில் நின்றோம். ஆட்கள் வெளியே வந்தார்கள். அவரை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. தெருவில் கிடக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக வந்தவள் நோரா. நின்று அவரைப் பார்த்தாள். "நீங்க வந்திருக்கவே வேணாம். ஆனா வந்துட்டீங்க. மழையில நிக்காதீங்க, வீட்டுக்கு வாங்க" என்றாள். போனோம். துக்க வீட்டில் எங்களுக்கும் தேநீர் கொடுத்தார்கள். அப்பா அந்தக் கோப்பையை வாயருகே கொண்டுபோகவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் பேசுவதில்லை. ஆலைக்குப் போகிறார், வருகிறார், கொடுத்ததைச் சாப்பிடுகிறார். நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது, கண்ணா. ரசாயனத்தைப் பற்றியே எழுது, பரவாயில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தாலாவது முகம் மாறுகிறதா பார்க்கலாம்.

நீ வேளைக்குச் சாப்பிடு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

உன் அம்மா,
ஹெஸ்டர்.


கால்வாய்த் தெரு,
நவம்பர் 1884

என் மகனே, லாரன்ஸ்,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. கையில் வேலை ஏதாவது இருந்தால் முடித்துவிட்டுப் படி.

கோடைகாலத்தில் அப்பாவின் இயந்திரம் நின்றுபோனதை உனக்கு எழுதினேன் அல்லவா? அதன் காரணத்தை அப்போது சரியாக எழுதவில்லை. வெயில் ஏற ஏற உருளைகள் சூடாகிவிட்டன. பவுடரின் வீரியம் குறைந்துபோயிற்று. துணி ஆலைக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாகத் திருப்பி அனுப்பினார்கள். உருளைகளைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டால் சரியாகிவிடும், குளிர்காலம்வரை பொறுங்கள் என்று அப்பா கெஞ்சினார். ரிம்மர் பொறுக்கவில்லை. "இரும்புக்கு வெயில் ஒத்துக்காது போலிருக்கு, ஹெய்லி. மனுசனுக்கு எதுவும் ஒத்துக்கும்" என்றாராம். உருளைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவை வண்டியில் ஏறிப் போவதை அப்பா ஆய்வறைச் சன்னலில் நின்று பார்த்திருக்கிறார்.

பிறகு பழைய ஆட்களையே திரும்பக் கூப்பிட்டார்கள், பாதிக் கூலிக்கு. வந்தார்கள், லாரன்ஸ். எல்லாரும் வந்தார்கள். வேலைக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம் பேர் வாயிலில் நின்று நெருக்கியடித்தார்கள். முன்னே நின்ற சிலர் உள்ளே விட்டதற்காகத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அப்பா அழுதார். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை என்னிடம் ஒரு கம்பளித் துணியைக் கொடுத்துக் கட்டிவிடச் சொன்னார். வாயு அடங்கியதா என்று பார்க்கிறவர் வெளியில் நின்று பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "இனி உள்ள போக வேண்டாம்னு அவங்களுக்குச் சொன்னேனே, ஹெஸ்டர். அதுவும் பொய்யாப் போச்சு. இனி நான் மட்டும் எப்படி வெளிய நிக்கிறது?" என்றார். துணியை மடித்து, அவர் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டேன். தினமும் நான்தான் போட்டேன்.

முதல் நாள் ஆட்கள் கேலி செய்தார்களாம். "வாங்க ஐயா. ரோஜருக்கு உங்களப் பேரால ரொம்ப நாளாத் தெரியும், இப்பத்தான் நேர்ல பாக்கப் போறான்" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சில வாரம் போனதும் கேலி நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் பெஞ்சில் இடம் விட்டார்கள். வீட்டுக்கு வந்து இருமிக்கொண்டே அதைச் சொன்னார். வருஷம் பூராவும் அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். அது எனக்குப் பயமாக இருந்தது.

போன மாதம் ஏதோ அவசரச் சரக்கு என்று வாயு அடங்குவதற்குமுன்பே கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூடாது என்று அப்பா மறுத்தார். மேஸ்திரி கேட்கவில்லை. மற்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, எப்படி இருக்கிறது என்று பார்க்க அப்பா முதலில் போனார். உள்ளே எதையோ தடுக்கி விழுந்தபோது துணி நழுவிவிட்டது. இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி இழுத்து வந்தார்கள். கைவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த இருவரும் வாசலைவிட்டுப் போக மனமில்லாமல் வெகுநேரம் நின்றார்கள்.

அவரால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கிறார், உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறார். பேச மூச்சுப் போதவில்லை. நீ சின்ன வயதில் கணக்குப் போட்ட கற்பலகையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், அதில் எழுதிக் காட்டுகிறார். வைத்தியர் பிராந்தியும் ஏதோ ஒரு மருந்தும் கொடுத்தார். போகும்போது வாசலில் என்னிடம், "வசந்தம் வரைக்கும்னு நான் சொல்ல மாட்டேம்மா. கிறிஸ்துமஸ் வரைக்கும்னுகூடச் சொல்லத் தைரியம் இல்ல" என்றார். உன்னிடம் இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. எழுதிவிட்டேன்.

நோரா தினமும் வருகிறாள். அவரைத் தூக்கி உட்காரவைக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். வேலை முடிந்ததும் சால்வையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ரிம்மரும் வந்தார். தன் கண்ணாடி வீட்டில் விளைந்த திராட்சையைக் கூடையில் கொண்டுவந்தார். இந்த ஊரில் பச்சையாக விளைகிற இடம் அது ஒன்றுதான். "பையன் ஜெர்மனியில கெட்டிக்காரன்னு பேரெடுத்திருக்கானாமே. ஆலையில உங்க எடம் அவனுக்குத்தான். நானே கடிதம் போடறேன்" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. கோபத்தில் பிடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோபம் இல்லை. நன்றி.

ரிம்மர் போனதும் கற்பலகையில் எழுதினார்: லாரன்ஸ் முடிப்பான். வரச் சொல். தண்ணீர் ஓடும் உருளைகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று தாள் தாளாக வரைந்து வைத்திருக்கிறார். தன் நாற்காலியை ரயிலடிச் சாலை தெரிகிற சன்னலுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். கண் விழிக்கும்போதெல்லாம் கற்பலகையைக் காட்டி, எழுதினாயா, எழுதினாயா என்று என்னைக் கேட்கிறார்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன்னை வா என்று அழைக்கிறேன் என்று நினைத்து, என் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

லாரன்ஸ், வராதே.

ரிம்மரின் கடிதம் உனக்கு வரும். நல்ல சொற்களில் எழுதியிருப்பார். பதில் போடாதே. அப்பா தான் வரைந்த தாள்களை இதோடு வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. அவற்றைப் பார்த்தால் உன்னால் சும்மா இருக்க முடியாது, நீ அவர் பிள்ளை. வந்து முடித்துவிடுவாய். முடித்தால் அந்த ஆட்களை மறுபடியும் தெருவில் நிறுத்துவார்கள். முடிக்காவிட்டால் அவர்கள் அறைக்குள்ளேயே விழுவார்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டு உன்னால் வெளியே நிற்க முடியாது. ஒருநாள் நீயும் ஒரு துணியைக் கொண்டுவந்து கட்டிவிடச் சொல்வாய். அந்த முடிச்சை இன்னொரு முறை போட என் கைக்குத் தெம்பில்லை.

அவர் நல்லவர், மகனே. தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். ஊரில் யார் என்ன சொன்னாலும் நீ இதை நம்பு. அவர் செய்தது எதுவும் ஒருவருக்கும் உதவவில்லை என்பதையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

நீ புறப்பட்டுவிட்டாய் என்று அவரிடம் சொல்லப்போகிறேன். கடலில் புயல் என்பேன். கப்பல் தாமதம் என்பேன். அவர் இருக்கும்வரை நீ வந்துகொண்டே இருப்பாய். பிறகு கடவுளிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நல்ல காற்றைச் சுவாசித்து, தலை நரைக்கும்வரை வாழவேண்டும். மரங்கள் உள்ள தெருவில் வீடு பார்த்துக்கொள். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம், அவளுக்கும் உனக்கும் இப்போதே என் ஆசீர்வாதம். எனக்குக் கடிதம் எழுது, நிறைய எழுது. ஆனால் எப்போது வரட்டும் அம்மா என்று மட்டும் கேட்காதே. நீ கேட்டுவிட்டால், இன்னொரு முறை இப்படி எழுத என்னால் முடியாது.

உன் அம்மா.